மஸ்டாங்கில் மாட்டிய சின்னப் புல்லி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆகஸ்ட் மாத மாலை. டாலஸ் நகரின் வடக்கே ஒரு நீண்ட சிக்னல். வெளியே 38 டிகிரி செல்சியஸ். 1990ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ் ஒன்று, ஏசியும் முகப்பு விளக்கும் எரிய, சிவப்பு மாறக் காத்து நிற்கிறது. முதல் அரை நிமிடத்தில் ஏசிக் காற்றின் குளிர்ச்சி போய்விடுகிறது. ஒரு நிமிடத்தில் விளக்குகள் மஞ்சளடிக்கின்றன, வோல்ட் மீட்டரின் முள் சரிகிறது, பேட்டரி விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. இரண்டு நிமிடத்தில் வெப்பமானியின் முள் நடுவிடத்தைத் தாண்டி மேலே ஏறுகிறது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எல்லாக் குறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துவிடுகின்றன.

இந்த வண்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு அண்டர்டிரைவ் புல்லி, அதாவது எஞ்சின் பெல்ட்டை மெதுவாக ஓடவைக்கும் சுழல்சக்கரம், மாட்டியவன் நான். வண்டி ஒரு நண்பருடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், என்னை அண்ணா என்பார். சனிக்கிழமை முழுவதும் என் வீட்டு கராஜில் இருவரும் சேர்ந்து செய்த வேலை அது. அதில் நாங்கள் செய்த சரியும் தவறும் இரண்டுமே மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் எஞ்சினைப் பற்றி. மஸ்டாங்கின் 5.0 என்று பெயர் பெற்ற இந்த வி8, உண்மையில் 4,942 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. 1987 முதல் 1992 வரை ஃபோர்டு இதற்குக் குறித்த திறன் 225 குதிரைத்திறன். எஞ்சினின் முன்முகத்தில் ஒரே ஒரு பட்டைப் பெல்ட் வளைந்து வளைந்து ஓடுகிறது. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர், வெளியேறும் புகையைச் சுத்தப்படுத்தக் காற்றூதும் பம்ப், வாட்டர் பம்ப் ஆகிய ஐந்தையும் சுழற்றுவது அந்தப் பெல்ட்தான். வாட்டர் பம்பை மட்டும் பெல்ட்டின் வழவழப்பான முதுகுப்பக்கம் எதிர்த்திசையில் சுழற்றும். ரேடியேட்டருக்குக் காற்றிழுக்கும் ஃபேன் அந்த வாட்டர் பம்பின் தண்டிலேயே, சூட்டைப் பொறுத்து இறுகவும் நழுவவும் செய்யும் ஒரு வெப்பக் கிளட்ச் வழியாக மாட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கோளாறின் பாதி அங்கேதான் இருந்தது.

இத்தனையையும் சுழற்ற எஞ்சின் தன் திறனில் கொஞ்சத்தைச் செலவிடுகிறது. எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டில் உள்ள புல்லியைச் சிறிதாக்கினால் பெல்ட் மெதுவாக ஓடும், ஐந்து கருவிகளும் மெதுவாகச் சுழலும், மிச்சமாகும் திறன் சக்கரத்துக்குப் போகும். அண்டர்டிரைவ் புல்லியின் கொள்கை இவ்வளவுதான். இந்தத் தலைமுறை மஸ்டாங்கைக் கால் மைல் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், விலை குறைவு, வேலை எளிது என்பதால் தொடக்கத்திலேயே செய்துகொள்ளும் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

நண்பர் வாங்கி வந்தது இரண்டு புல்லிகள்: சிறிய கிராங்க் புல்லி, பெரிய வாட்டர் பம்ப் புல்லி. விட்டத்தை அளக்க நூலைச் சுற்றிச் சுற்றளவைப் பார்த்தோம். பழைய கிராங்க் புல்லி 52 செ.மீ., புதியது 39. சரியாக நான்கில் மூன்று பங்கு. வாட்டர் பம்பில் பழையது 40, புதியது 46. ஆல்டர்னேட்டர் புல்லி 21 செ.மீ.; அதை நாங்கள் தொடவில்லை.

இந்த எண்களை வைத்து அன்றே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தால் மூன்று வாரத் தொல்லை வந்திருக்காது. வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று சுழல்கிறது. பழைய புல்லியில் ஆல்டர்னேட்டர் அப்போது சுமார் 1,730 சுற்று ஓடியது, புதியதில் 1,300. வாட்டர் பம்பும் அதனோடு ஃபேனும் பழையபடி 910 சுற்று. புதியதில் இரண்டு புல்லிகளும் சேர்ந்து இழுத்ததில் 590. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகம் போய்விட்டது. இந்தக் கணக்கை நான் போட்டது கோளாறு வந்த பிறகுதான்.

மாட்டிய நாளில் நடந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபேனைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை விலக்கிப் பெல்ட்டை எடுத்து, கிராங்க் புல்லியின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினோம். இந்த எஞ்சினில் புல்லி தனி, அதன் பின்னே இருக்கும் டேம்பர் தனி. டேம்பர் என்பது இரும்பு மையம், அதைச் சுற்றி ரப்பர் வளையம், அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம் என மூன்றடுக்காக இருக்கும். சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் தண்டு நுண்ணளவில் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அந்த முறுக்கதிர்வை ரப்பர் விழுங்கிக்கொள்கிறது. டைமிங் குறிகள், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் குறிகள், இருப்பது அந்த வெளி வளையத்தின் மேல்தான்.

புல்லி விலகியதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் வளையம் சில இடங்களில் வெடித்து, ஓரிடத்தில் புடைத்து வெளியே தள்ளியிருந்தது. விரலால் தேய்த்தபோது கருப்புத் துகள் ஒட்டியது. இத்தனை ஆண்டு எண்ணெயும் சூடும் பட்ட ரப்பர் அப்படித்தான் ஆகும். ஆனால் ரப்பர் பிடி விட்டால் வெளி வளையம் மையத்தின் மேல் நழுவும். அதன் மேலுள்ள டைமிங் குறியும் கூடவே நழுவும். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் துளையில் பிஸ்டன் தடுப்பானைத் திருகி, எஞ்சினைக் கையால் இரு பக்கமும் மெல்லச் சுழற்றி, இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுப்புள்ளியைக் கண்டோம். பிஸ்டன் உச்சத்தில் இருக்கும் உண்மையான இடத்துக்கும் குறி காட்டிய இடத்துக்கும் 6 டிகிரி வித்தியாசம்.

இதன் பொருள் பெரிது. இந்த எஞ்சினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலுள்ள சிறு இணைப்பு முளையைக் கழற்றிவிட்டு, அடிப்படை டைமிங்கை உச்சத்துக்கு 10 டிகிரி முன்னதாக வைக்க வேண்டும். வளையம் சுழற்சிக்குப் பின்னோக்கி நழுவியிருந்ததால், டைமிங் விளக்கில் 10 என்று தெரிந்தபோது எஞ்சினில் உண்மையில் இருந்தது 4 மட்டுமே. எத்தனை காலமாக அப்படி ஓடியதோ, பொறி தாமதமாக விழுந்து திறன் வீணாகிக்கொண்டிருந்தது.

புதிய டேம்பர் போட்டோம். வாங்கும்போது ஒன்றைக் கவனித்தோம். 302 கன அங்குலம் கொண்ட இந்த எஞ்சின் குடும்பத்தில் 1980களின் தொடக்கத்துக்கு முந்தையவை 28 அவுன்ஸ் சமனெடை கொண்டவை, பிந்தையவை 50 அவுன்ஸ். இரண்டும் அச்சில் உட்காரும். ஆனால் மாறி மாட்டினால் எஞ்சின் அதிர்ந்தே அழியும். நடு போல்ட்டை 70 முதல் 90 அடி-பவுண்டுக்குள்ளும், புல்லியின் நான்கு போல்ட்டுகளை 35 முதல் 50க்குள்ளும் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கினோம். மையத்திலிருந்து வெளி வளையம் வரை வெள்ளை மையால் ஒரே கோடும் இழுத்து வைத்தோம். இனி வளையம் நழுவினால் கோடு உடைந்து காட்டும்.

சிறிய புல்லிக்குப் பழைய பெல்ட் தளர்வாக இருந்தது. ஓர் அளவு குட்டையானது சரியாக உட்கார்ந்தது. டைமிங்கை உண்மையான 10க்குக் கொண்டுவந்து, மாலையில் வண்டியை வெளியே எடுத்தோம். நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் நண்பர் மிதித்தார். வண்டியின் பாய்ச்சலில் வித்தியாசம் உடம்புக்கே தெரிந்தது. “அண்ணா, ரெண்டு புல்லி இவ்வளவு செய்யுமா?” என்றார். செய்திருக்கிறதே என்று நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் கால் மைல் தடத்தில் ஓட்டிய ஓட்டங்களும் அதையே சொல்வதாகப் பட்டது. பழைய நிலையில் அவர் அங்கே எடுத்திருந்த ஓட்டங்களில் கோட்டைக் கடக்கும் வேகம் சராசரியாக மணிக்கு 95.6 மைல். இப்போது 97.3. ஓட்ட நேரம், புறப்படும் விதத்தையும் டயரின் பிடிப்பையும் சார்ந்து மாறும். கோட்டைக் கடக்கும் வேகம்தான் எஞ்சினின் திறனை நேர்மையாகச் சொல்லும். ஒரே வண்டி, ஒரே எடை என்றால் திறன் ஏறக்குறைய அந்த வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றும். அந்தக் கணக்கில் சுமார் ஐந்தரை விழுக்காடு, அதாவது 12 குதிரைத்திறன் கூடியிருந்தது. இரு இரவுகளின் காற்று வெப்பமும் ஒன்றல்ல என்பதால் கடைசி எண்ணை நான் பிடிவாதமாகச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் சிக்னல் தொல்லை தலைதூக்கியது.

நண்பர் முதலில் பேட்டரியைச் சந்தேகித்தார். சோதித்ததில் அது நன்றாகவே இருந்தது. பிறகு தெர்மோஸ்டாட், அதுவும் சரியான வெப்பத்தில் திறந்தது. நான் வேறு வழியில் போக முடிவு செய்தேன். எல்லாக் குறைகளும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகின்றன என்றால் தனித்தனிக் கோளாறுகள் இருக்க வாய்ப்பில்லை. சிக்னலில் நடப்பதை கராஜ் வாசலில் நடத்திக் காட்டினோம்: ஏசி, உள் ஊதி, முகப்பு விளக்கு எல்லாம் போட்டு, எஞ்சினை 700 சுற்றில் விட்டோம். பேட்டரி முனைகளில் மீட்டர் 12.3 வோல்ட் காட்டியது. ஆல்டர்னேட்டர் சரியாக ஊட்டினால் 13.5க்கு மேல் இருக்க வேண்டும். பிறகு நான் பானெட்டின் கீழே கையை விட்டு த்ராட்டில் கம்பியை விரலால் மெல்ல இழுத்து 950 சுற்றில் பிடித்தேன். மீட்டர் மளமளவென்று ஏறி 13.6இல் நின்றது. மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருந்தேன். வெப்பமானி முள் இறங்கியது, ஏசிக் காற்று குளிர்ந்தது. விரலை விட்டதும் பழைய கதை.

700ஐ 950 ஆக்கினால் எல்லாம் சரியாகிறது. புல்லியில் நாம் குறைத்த வேகத்தை விரலால் திருப்பிக் கொடுத்தபோது வண்டி நலமாகிவிட்டது. காரணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உள்ளே நடந்தது இதுதான். நின்ற வண்டியில் ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கண்டன்ஸருக்கும் காற்று தருவது ஃபேன் மட்டுமே. அது 910இலிருந்து 590க்கு இறங்கியதால் காற்றோட்டம் குறைந்தது, அதே அளவு தண்ணீர் ஓட்டமும் குறைந்தது. கண்டன்ஸர் சூட்டை விட முடியாததால் ஏசியின் அழுத்தம் ஏறியது. கம்ப்ரஸரும் மெதுவாகச் சுழன்றதால் குளிர்ச்சி போனது. 65 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட பழைய ஆல்டர்னேட்டர் 1,300 சுற்றில் கேட்ட மின்சாரத்தைத் தர முடியாமல் தவித்தது. பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டியது.

ஆல்டர்னேட்டரைப் பார்க்கப் போனபோது இன்னொன்று கண்ணில் பட்டது. இந்த ஆண்டுகளின் மஸ்டாங்கில் ஆல்டர்னேட்டரின் பின்னே கருப்பும் ஆரஞ்சும் கலந்த இரண்டு கம்பிகள் ஒரு பிளாஸ்டிக் செருகியில் வந்து சேரும். முழு மின்னோட்டமும் அந்தச் செருகி வழியாகத்தான் போகிறது. அதைக் கழற்றியபோது ஓரம் காப்பி நிறத்தில் பழுத்திருந்தது. முகர்ந்தால் எரிந்த வாடை. இந்த ஆல்டர்னேட்டரில் அந்தச் செருகி உருகித் தீப்பிடிப்பது பலரும் அறிந்த ஆபத்து. எங்கள் புல்லி அதைத் தொடங்கிவைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆல்டர்னேட்டரை எப்போதும் முழுத் திணறலில் வைத்து அதை வேகப்படுத்தியிருக்கலாம். வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் அந்தச் செருகி எங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

செருகி விஷயத்தில் தயங்க ஒன்றுமில்லை. அடுத்த தலைமுறை ஃபோர்டு ஆல்டர்னேட்டர், 1994 மஸ்டாங்கில் வந்த 130 ஆம்பியர் வகை, இந்த எஞ்சினில் சிறு வேலையோடு பொருந்தும். குறைந்த சுற்றிலும் அது நன்றாக ஊட்டும். பழைய செருகியை விலக்கிவிட்டு, பேட்டரிக்குத் தனியாக ஒரு தடித்த கேபிளையும் அதன் நடுவில் பெரிய ஃபியூஸையும் போட்டோம். இந்தக் கேபிளை மிச்சம் பிடிக்கக் கூடாது. பழைய மெல்லிய கம்பியில் 130 ஆம்பியரை ஓட்டுவது தீயை விலைக்கு வாங்குவதாகும்.

புல்லி விஷயத்தில் நான் நண்பரிடம் ஒன்று கேட்டேன். “தம்பி, பழைய புல்லி இரண்டையும் திரும்ப மாட்டி ஒரு முறை தடத்துக்குப் போய்வருவோம். டைமிங்கும் டேம்பரும் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும்.” முதல் நாளிலிருந்தே எனக்குள் ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது. ஒரே சனிக்கிழமையில் மூன்றை மாற்றியிருந்தோம்: டேம்பர், டைமிங், புல்லி. கண்ணுக்குப் பளபளவென்று தெரிந்தது புல்லி என்பதால் பாராட்டு முழுவதும் அதற்குப் போயிற்று.

பழைய புல்லிகளோடு கிடைத்த சராசரி 96.7 மைல்.

95.6இலிருந்து 97.3 வரை ஏறியதில், புல்லியைக் கழற்றியபோது போனது 0.6 மட்டும். கணக்கிட்டால் ஏறத்தாழ 4 குதிரைத்திறன். மீதி எட்டும், நழுவிய டேம்பர் வளையத்தைக் கண்டுபிடித்து டைமிங்கைத் திருத்தியதன் பலன். புல்லியே வாங்காமல், பிஸ்டன் தடுப்பானை மட்டும் திருகிப் பார்த்திருந்தாலும் அது கிடைத்திருக்கும்.

புல்லியின் பங்கு ஏன் இத்தனை குறைவு என்று யோசித்தால் காரணம் புலப்படுகிறது. ஆல்டர்னேட்டரை மெதுவாக்கினால் திறன் மிச்சமாகும் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறு. வண்டி 13.5 வோல்ட்டில் 40 ஆம்பியர் கேட்டால் அது 540 வாட். ஆல்டர்னேட்டரின் பயனுறுதிறன் பாதி என்று வைத்தாலும் எஞ்சினிடமிருந்து எடுப்பது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது ஒன்றரைக் குதிரைத்திறன். மெதுவாகச் சுழன்றாலும் வண்டி அதே 40 ஆம்பியரைத்தான் கேட்கப் போகிறது. ஏசி கம்ப்ரஸரோ, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வண்டியின் கணினியே அதன் கிளட்சை விடுவித்துவிடுகிறது. பந்தயத் தடத்தில் அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. உண்மையாக மிச்சமாவது ஃபேனிலும் வாட்டர் பம்பிலும்தான். காற்றையும் தண்ணீரையும் தள்ளும் கருவிகளுக்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், உயர்ந்த சுற்றில் கொஞ்சம் குறைத்தாலும் நல்ல பலன் உண்டு. அந்த மிச்சமும் ஃபேனின் வெப்பக் கிளட்ச் நழுவும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மிச்சம் கிடைப்பது 4,000, 5,000 சுற்றில். அதற்கான விலை கட்டப்படுவது சிக்னலில், 700 சுற்றில்.

தினமும் ஓடும், ஏசி போட்ட வண்டிக்கு, அதிலும் டெக்சாஸ் கோடையில், இது வேண்டாம் என்பதுதான் என் முடிவு. தடத்துக்கு மட்டும் போகும் வண்டி என்றால் தாராளமாகப் போடலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மஸ்டாங்கில் புல்லி தனி, டேம்பர் தனி என்பதால் புல்லியை மாற்றினாலும் டேம்பர் அப்படியே இருக்கிறது. பல எஞ்சின்களில் இரண்டும் ஒரே துண்டு. ரப்பர் வளையம் புல்லிக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு இலேசான ஒற்றை அலுமினியப் புல்லியை மாட்டினால் கிராங்க் தண்டின் முறுக்கதிர்வை அடக்க ஆளில்லாமல் போகிறது. நீண்ட கிராங்க் கொண்ட நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினில் அது ஆயில் பம்பின் பற்சக்கரம் முதல் கிராங்க் தண்டு வரை உடைக்கக்கூடும். அத்தகைய வண்டிக்கு யார் என்ன விலையில் கொடுத்தாலும் நான் மாட்டித் தர மாட்டேன்.

நண்பருக்கு அந்த நான்கு குதிரைத்திறனையும் விட மனமில்லை. அக்டோபரில் மூன்றாவது சேர்க்கை ஒன்றை முயன்றோம்: சிறிய கிராங்க் புல்லி, பழைய வாட்டர் பம்ப் புல்லி, புதிய ஆல்டர்னேட்டரில் 18 செ.மீ. சுற்றளவுள்ள சின்னப் புல்லி. இப்போது நின்ற நிலையில் ஃபேன் 680 சுற்று, ஆல்டர்னேட்டர் 1,520. எல்லா மின்சுமையும் போட்டு 700 சுற்றில் மீட்டர் 13.4 காட்டியது. வெப்பமானி முள் அசையவில்லை. வெளியே 24 டிகிரி இருந்த நாள் அது. ஆகஸ்டில் இதே சேர்க்கை தாங்குமா என்று என்னைக் கேட்டார். தாங்காது என்றேன்.

அதனால் ஓர் ஏற்பாடு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சிறிய கிராங்க் புல்லி. மே மாதம் பெரியது திரும்ப ஏறும். நான்கு போல்ட், ஒரு பெல்ட், ஒன்றரை மணி நேர வேலை. இரண்டு பெல்ட்டுகளின் எண்களையும் வெள்ளை டேப்பில் எழுதி ரேடியேட்டரின் மேல் தகட்டில் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறை புல்லியைக் கழற்றும்போதும் டேம்பரின் மேல் இழுத்த வெள்ளைக் கோட்டை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று அதன் கீழே நானே எழுதினேன். இந்த மே மாதம் பார்த்தபோது கோடு உடையாமல் நேராக இருந்தது.